மாடி அதேதான், ஆட்கள்தான் வேறு

ஓசூரில் ஒரு கட்டடம் பத்து வருஷம் ஒரே வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. பாகலூர் சாலையில் நான் முதலில் மாவு மில்லாகப் பார்த்த ஷெட் டயர் குடோன் ஆனது. பிறகு பழைய கார் விற்கும் இடம். இப்போது கண்ணாடி முகப்பு வைத்துப் பிரியாணிக் கடை. தளி சாலையில் வீடாக இருந்தது கிளினிக் ஆகி, கிளினிக் டியூஷன் சென்டர் ஆகி, இன்றைக்குப் பெண்கள் விடுதி. சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் தங்க இடம் வேண்டும், சாப்பிட இடம் வேண்டும், மொட்டை அடித்துக் காது குத்த ஒரு ஹால் வேண்டும். கன்னடத்தில் 'ஹொஸ ஊரு' என்றால் புது ஊர். பெயருக்கேற்ப ஊர் தினம் தினம் புதுசாகிக்கொண்டே இருக்கிறது.

இப்படி மாறும்போது என்ன செய்கிறார்கள்? பெயிண்ட் அடிக்கிறார்கள். பழைய மொசைக்கின் மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங், ஏசி, போர்டு, வாழைமரம், திறப்பு விழா. அந்த மாடிக்குப் போகும் படிக்கட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. வீடாக இருந்தபோது அம்மாவும் பிள்ளையும் ஏறிய அதே படியில் இப்போது எழுபது பேர் ஏறுகிறார்கள்.

நான் வேலை பார்த்தது இங்கே ஒரு தொழிற்சாலையின் கட்டடப் பிரிவில். ஓய்வுக்குப் பிறகு தெரிந்தவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது, சுவரில் விரிசல் விட்டால் போய்ப் பார்ப்பது என்று பொழுது போகிறது. யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள்: "சார், கட்டடத்துக்கு அப்ரூவல் இருக்கு. உள்ளே மட்டும்தான் கொஞ்சம் ஆல்டர் பண்றோம்."

அந்த 'உள்ளே மட்டும்தான்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் எதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்று பார்த்தால், புதிதாகக் கட்டுவது மட்டும் அங்கே இல்லை. ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அதே பட்டியலில் வருகிறது. ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் வீட்டை விடுதியாக்கினாலும் அனுமதி வேண்டும். வெள்ளையடிப்பது, பூசுவது, தரை மாற்றுவது போன்றவற்றுக்கு வேண்டாம். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இடித்தால்தான் ஆபீசுக்குப் போக வேண்டும், போர்டு மாற்றினால் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மின் வாரியத்தில் எழுதிக் கொடுத்து வீட்டு இணைப்பை வணிக இணைப்பாக மாற்றிவிடுவார்கள். மாநகராட்சியில் சொத்து வரியும் வணிகக் கட்டணத்துக்கு மாறிவிடும். "நான்தான் கமர்ஷியல் வரி கட்டுறேனே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். மின் வாரியம் பார்ப்பது மீட்டரை. வரி போடுகிறவர் பார்ப்பது அளவையும் வாடகையையும். மாடியில் நூறு பேர் உட்கார்ந்தால் தளம் தாங்குமா, தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவார்கள் என்று அந்த இருவரும் பார்ப்பதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. உணவு உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் கல்லாப்பெட்டிக்கு மேலே வரிசையாகத் தொங்கும். கட்டடத்துக்கான தாள் மட்டும் பீரோவில், 'தரைத்தளம் கடை, முதல் தளம் குடியிருப்பு' என்ற பழைய வரைபடமாகவே கிடக்கும்.

2023 ஆகஸ்டில் என் மைத்துனர் அப்படி ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஊருக்குள் ஒரு கட்டடம் இருக்கிறது. நகராட்சிக் காலத்தில் அனுமதி வாங்கிக் கட்டியது. கீழே இரண்டு கடை, மேலே இரண்டு வீடு, ஒவ்வொரு தளமும் 12 சதுரம். மேல் வீடுகள் இரண்டும் காலியாக இருந்தன. ஒருவர் வந்து, இரண்டையும் ஒன்றாக்கி மினி ஹால் நடத்துகிறேன், பிறந்தநாள், வளைகாப்பு, சின்ன ரிசப்ஷன், 150 பேர் வரை, மொட்டை மாடியில் ஷீட் போட்டுப் பந்தி என்று கேட்டிருக்கிறார். வீட்டு வாடகையைப்போல மூன்று மடங்கு. அட்வான்ஸ் 6 லட்சம். அதில் பாதியை வாங்கி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டியும் விட்டார் மைத்துனர்.

"மாமா, நீங்க கட்டடம் நல்லா இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மீதியை அவர் பாத்துக்குறேன்னு சொல்லிட்டார்" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே, வீட்டுக்கு" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று இருவரும் கிளம்பினோம்.

அங்கே பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஏனென்றால் உங்களில் பலரிடம் இதே மாதிரி ஒரு கட்டடம் இருக்கும், ஓய்வுக்காலத்துக்கு அதன் வாடகையைத்தான் நம்பியிருப்பீர்கள்.

முதலில் படி. அகலம் மூன்றடி. அதுவும் கைப்பிடிச் சுவர் போக. நடுவில் ஒரு திருப்பம். கீழே வாசலில் ராத்திரி இறக்கிப் பூட்டும் ஷட்டர். படிக்கு அடியில் மீட்டர் பெட்டிகள் வரிசையாக. அதற்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "இங்கதான் மாமா சிலிண்டர் வைக்கப் போறாங்க, மேல தூக்கிட்டுப் போற வேலை மிச்சம்" என்றார். 19 கிலோ வணிகச் சிலிண்டர்கள் நான்கு, மின் மீட்டருக்கு அருகில், மேலே இருக்கும் 150 பேரும் இறங்கி வர வேண்டிய ஒரே வழியில்!

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 என்று ஒன்று இருக்கிறது. கட்டடங்களை அது பயன்பாட்டைக் கொண்டு எழுத்து போட்டுப் பிரிக்கிறது. ஏ என்றால் குடியிருப்பு, பி கல்வி, டி கூட்டம் கூடும் இடம், எஃப் கடை, ஜி தொழிற்சாலை, எச் கிடங்கு, இப்படி. எந்தப் பிரிவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. வீடு என்றால் ஆளுக்கு 12.5 சதுர மீட்டர். கிடங்கு என்றால் 30. மேசை நாற்காலி போட்டு மக்கள் கூடும் இடம் என்றால் 1.4 சதுர மீட்டர்தான், ஏனென்றால் அங்கே அப்படித்தான் நெருக்கி உட்காருவார்கள். 12 சதுரம் என்பது ஏறத்தாழ 111 சதுர மீட்டர். அந்த மாடியை வீடாகக் கணக்கிட்டால் 9 பேர். ஹாலாகக் கணக்கிட்டால் 79 பேர். வாடகைக்குக் கேட்டவர் சொன்னதோ 150. ஒரு சுவரும் நகராமல், காகிதத்தில் 9 பேருக்கு ஒப்புக்கொண்ட மாடியில் 150 பேர்.

படியின் அகலமும் அப்படியே. வீடுகளுக்கு 1 மீட்டர் இருந்தால் போதும் என்கிறார்கள். கூட்டம் கூடும் இடத்துக்கு 2 மீட்டர், ஆட்கள் குறைவென்றால் ஒன்றரை. வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். இது ஏதோ அலங்கார விதி என்று நினைக்காதீர்கள். பயந்த கூட்டம் கதவின்மேல் சாய்ந்து நிற்கும்போது உள்பக்கம் இழுத்துத் திறக்க யாராலும் முடியாது. நம் வீட்டுக் கதவுகள் எல்லாமே உள்பக்கம் திறப்பவை. வீட்டுக்கு அது சரி.

அடுத்தது எடை. இதை ஹால் கேட்டவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். இந்தியத் தர நிறுவனத்தின் கணக்கில் வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்க வேண்டும். உணவகம் என்றால் 400. நாற்காலியை நகர்த்திவிட்டு ஆடக்கூடிய ஹால் என்றால் 500. மைத்துனரின் கட்டடத்தில் தூண்கள் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள்மேல் நேராகத் தளம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரைத்தான் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். மொட்டை மாடித் தளத்தின் பாதிப் பாரம் அந்தச் சுவரில் இறங்குகிறது. அதற்கு மேலேதான் பந்தியும் தண்ணீர்த் தொட்டியும் வரப்போகின்றன. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன்.

"மேஸ்திரி ஒரு இரும்பு பீம் கொடுத்தாத் தாங்கிடும்னு சொல்றார் மாமா."

"பீமை எது மேல வைப்பார்?"

"சுவர் மேலதான்."

"அந்தச் சுவர் கீழே எங்கே போய் நிக்குது?"

கீழே போய்ப் பார்த்தோம். கடைகளில் ஒன்றில் அந்த இடத்தில் வாசல் உடைத்திருந்தார்கள். எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், ஜூலை 29-ஆம் தேதி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்திருந்தார்கள். சுற்றியிருந்த கட்டடங்களும் தரைமட்டம். பக்கத்து உணவகத்தின் சிலிண்டர்தான் காரணம் என்று ஒரு தரப்பும், இல்லை என்று ஒரு தரப்பும் பேசிக்கொண்டிருந்த நேரம். அதைச் சொன்னேன். "அது பட்டாசு மாமா. நான் என்ன பட்டாசா விக்கப் போறேன்?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. பட்டாசை விட்டுவிடுவோம். 2004-ஐ எடுத்துக்கொள்வோம். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது அந்த வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி. அதற்கு இரண்டே வாரத்துக்கு முன், ஜனவரி 23-இல், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீ. மாடியில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஜூலை 16-இல் கும்பகோணம். அதைப் பற்றி நான் எழுதவே வேண்டாம், நம் வயதுக்காரர்கள் யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. 94 குழந்தைகள். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், மேல் தளத்தில் கீற்றுக் கூரை, கீழே கீற்றுக் கொட்டகையில் சமையல், இறங்கக் குறுகிய படி. இரண்டு இடத்திலும் பட்டாசு இல்லை, ரசாயனம் இல்லை. கட்டடத்தின்மேல் பிறகு சேர்த்த ஒரு கூரையும், போதாத வழியும்தான்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்று போனது. பள்ளி நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வரிசையாகச் சொல்வார்கள்: பொறியாளரிடம் உறுதிச் சான்று, 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம், தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. சலித்துக்கொண்டாவது வாங்குகிறார்கள். ஆனால் அதே பாடத்தை அதே வயதுப் பிள்ளைகளுக்கு மாடி வீட்டில் டியூஷன் சென்டர் என்று நடத்தினால் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. சூரத்தில் 2019 மே 24-இல் ஒரு வணிக வளாகத்தின் உச்சி மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் 22 மாணவர்கள் இறந்தார்கள். டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் 2024 ஜூலை 27-இல் மழைத் தண்ணீர் புகுந்து ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்த மூவர் இறந்த இடம் ஒரு நிலத்தடித் தளம். வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவும் என்று அனுமதி வாங்கியிருந்தார்கள், நூலகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு எல்லாத் தாளும் இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. சாமான்களுக்கு இருந்தது.

இதையெல்லாம் அன்றைக்கு மைத்துனரிடம் இவ்வளவு கோவையாகச் சொன்னேனா என்றால் இல்லை. டெல்லி அதற்குப் பிறகு நடந்தது. அன்றைக்குச் சொன்னது இரண்டு வரிதான்: "நடுச் சுவரைத் தொடாதே. இரண்டாவது படி இல்லாமல் மேலே ஹால் வேண்டாம். கையெழுத்து என்னால் போட முடியாது."

அவர் கோபித்துக்கொண்டார். "ஊரே இப்படித்தான் பண்ணுது. உங்களுக்கு மட்டும்தான் சட்டம் தெரியுமா? அஞ்சாயிரம் கொடுத்தா கண்ணை மூடிட்டுப் போட ஆள் இருக்கு" என்றார். இருக்கிறார்கள், உண்மைதான். என் மனைவி நடுவில் மாட்டிக்கொண்டாள். கூடப் பிறந்தவன் மகள் படிப்புக்குப் பணம் புரட்டுகிறான், இவர் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகு பண்ணுகிறார் என்று அவள் வாயால் சொல்லவில்லை. காபி கொடுக்கும்போது டம்ளர் கொஞ்சம் சத்தமாக மேசையில் உட்கார்ந்தது. அந்த ஆவணி அவிட்டத்துக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் மைத்துனர் வரவில்லை.

அக்டோபர் 7. சனிக்கிழமை. அத்திப்பள்ளி.

பெங்களூரு போகும்போதெல்லாம் நாம் கடக்கிற இடம். ஜூஜூவாடி தாண்டி, எல்லை தாண்டியதும், தீபாவளி நெருங்கினால் சாலையோரம் முழுக்கப் பட்டாசு போர்டுகள். மதியத்துக்கு மேல் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. கடையும் குடோனும் ஒரே இடம். முன்பக்கம் பற்றி எரிந்தபோது உள்ளே இருந்தவர்களால் வர முடியவில்லை. அன்று 14 உடல்கள் எடுத்தார்கள். தீக்காயத்தோடு போனவர்களில் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துப் பையன்கள். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்து டி.அம்மாபேட்டையிலிருந்து மட்டும் பலர். தீபாவளி வரை நாலு காசு பார்க்கலாம் என்று வந்த மாணவர்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா மறுநாள் வந்து பார்த்தார். பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லை என்றார். வழக்கு சி.ஐ.டி.க்குப் போனது.

பட்டாசுக் கடைக்கு மத்திய அரசின் வெடிபொருள் விதிகள், 2008 இருக்கின்றன. இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். கடை 9 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, 25-க்கு மேல் போகக் கூடாது. மேலே குடியிருப்பு கூடாது. படிக்கு அடியில் கூடாது. வாசல் ஒன்று, அவசர வழி ஒன்று, இரண்டு கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். படித்தால் ஆச்சரியமாக இருக்கும், யாரோ ஒருவர் ஒவ்வொரு சாவையும் பார்த்துவிட்டு ஒவ்வொரு வரியாக எழுதினாற்போல இருக்கும். விதி எழுதியவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கட்டட விதிகள் வேறு. அங்கே 'ஓ.சி.', அதாவது குடியேறச் சான்று. இங்கே 'சி.சி.', பணி நிறைவுச் சான்று. நம் மாநிலத்தில் 2019-இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தபோது 12 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் சிறிய வீடுகளுக்கும், தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் அந்தச் சான்று வேண்டாம் என்றார்கள். 2024-இல் சிறிய வணிகக் கட்டடங்களுக்கும் விலக்கு வந்தது. தொழிற்சாலைக்கு வேண்டாம் என்றதும் ஏதோ கேட்க நாதியில்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தனியாக வரைபடம் கேட்கும், உறுதிச் சான்று கேட்கும். ஒரு மிஷினை இடம் மாற்றினால்கூடத் தாள் போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2024 செப்டம்பர் 28 காலையில் உத்தனப்பள்ளி பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரிய தீ. ஒரு உயிர்கூடப் போகவில்லை, எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஊரில் மூன்றடிப் படி வைத்த மினி ஹாலில் அந்தத் தீயில் நூறில் ஒரு பங்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-இல் ஒரு தீர்ப்பில் இந்தச் சான்று இருந்தால்தான் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு என்று சொல்லிவிட்டது. பெங்களூருவில் அதற்குப் பிறகு ஓ.சி. இல்லாமல் கட்டி முடித்த வீடுகள் மின் இணைப்பு கிடைக்காமல் நின்றன. கடைசியில் சிறிய வீடுகளுக்குக் கர்நாடக அரசு விலக்குத் தர வேண்டியதாயிற்று. ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் புதுக் கட்டடத்துக்கு. நான் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய கட்டடத்தில் மின்சாரம் ஏற்கெனவே ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. அது ஹால் ஆனால் யார் எந்த இணைப்பை நிறுத்தி வைப்பார்கள்? அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. பலர் அரசாங்கம் ஒருநாள் வரன்முறைத் திட்டம் கொண்டுவரும், அபராதம் கட்டிவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். அபராதம் கட்டினால் விட வேண்டிய காலியிடம் விட்டதாகக் கணக்காகிவிடலாம். படி அகலமாகாது.

மைத்துனர் கதைக்கு வருகிறேன். அத்திப்பள்ளிக்குப் பிறகு அவர் மனம் மாறி என் காலில் வந்து விழுந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மாறியது ஹால் கேட்டவர்தான். அந்த மாதம் எங்கு பார்த்தாலும் சோதனைப் பேச்சாக இருந்ததால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. "எல்லாத் தாளையும் நீங்களே வாங்கிக் கொடுங்க, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அதுவோ கல்லூரியில் இருக்கிறது.

அப்போதுதான் மைத்துனர் மறுபடி வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் அக்காவிடம் பேசிவிட்டு, அரை மணி கழித்து என்னிடம் வந்தார். "சரி, நீங்களே சொல்லுங்க மாமா. என்னதான் பண்ணலாம் இதை?"

இரண்டாவது படி போட இடமே இல்லை என்பது அளந்ததும் தெரிந்தது. பக்கத்து மனைக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது மூன்றே முக்கால் அடி. ஆகவே மேலே ஹால் என்ற பேச்சை அதோடு விட்டோம். மேலே வீடாகவே இருக்கட்டும், கீழே இரண்டு கடையையும் சேர்த்து மெஸ் நடத்தக் கொடுக்கலாம் என்று முடிவானது. தரைத்தளம் என்றால் எடைக் கவலை மண்ணோடு போயிற்று. கடை உணவகம் ஆவதற்கும் விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டோம். உடைத்த வாசலுக்கு மேலே லிண்டல் சரியாக இல்லை, அதைக் கட்டி எடுத்தோம். அந்தக் கொத்தனார் கூலியை நான்தான் கொடுத்தேன், அதை இன்னும் என் மனைவிக்குச் சொல்லவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள். படிக்கு அடியிலிருந்த மீட்டர் பெட்டிகள் அங்கேயே இருக்கின்றன. சிலிண்டர்கள் பின்பக்கம் வெளியே, கம்பி வலை போட்ட கூண்டில். அடுப்படியிலிருந்து பின்சந்துக்கு ஒரு புதுக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது.

வாடகை ஹால் வாடகையில் பாதிகூட இல்லை. மேல் வீடுகளில் சிப்காட்டில் வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்கள் வந்தன. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க மைத்துனர் நகையை வைத்தார். மீட்க ஒன்றேகால் வருஷம் ஆனது. இப்போதும் எங்கேயாவது கல்யாணத்துக்குப் போய் மாடி ஹாலில் உட்கார்ந்தால், "பாருங்க மாமா, இவங்களுக்கெல்லாம் யாரு கையெழுத்துப் போட்டாங்களோ" என்பார். அதில் குத்தல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் உட்காரும்போது மட்டும் படிக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறார்.

மெஸ்ஸில் சாப்பாடு பரவாயில்லை, ரசம் நன்றாக இருக்கும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது போய்விடுவேன். பின்கதவைத்தான் முதலில் பார்ப்பேன். அது வெளிப்பக்கம் திறப்பதால் சந்தில் பைக் நிறுத்த முடியவில்லை என்று பக்கத்துக் கடைக்காரருக்குக் கோபம். உள்ளே சமையல்காரருக்கு வேறு கஷ்டம், அடுப்படியில் வெங்காய மூட்டை வைக்க இடமில்லை. போன வாரம் போனபோது கதவை ஒட்டி இரண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். நகர்த்துங்கள் என்றேன். "இதோ சார்" என்று நகர்த்தினார்கள். வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும்.